சொன்னபடி செய்கிறவர்

சோற்றில் உப்புப் போட்டுக்கொள்வதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் யாரோ சொன்னபடிதான் செய்தார். பிறகு ஒரு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். அன்றோடு அதுவும் போயிற்று.

குன்னூருக்குப் பக்கத்தில், ஜெகதளாவிலிருந்து இறங்கும் பள்ளத்தில் இருந்த ஒரு தேயிலை ஃபேக்டரியில் அவர் ட்ரையர் ஓட்டினார். ஈரத் தூளைச் சூடான காற்றில் உலர்த்தும் பெரிய இரும்புப் பெட்டிதான் ட்ரையர். அதன் அடுப்புக்கு விறகு தள்ளும் வேலைக்கு நான் போய்ச் சேர்ந்தேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. எட்டாம் வகுப்புப் படிப்பு, கையில் ஒரு பை. அவரை எல்லோரும் ட்ரையர்காரர் என்றார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ட்ரையர் அறை வாசலில் 'செருப்புடன் உள்ளே வரக் கூடாது' என்று ஒரு போர்டு இருந்தது. அதை யாரும் மதித்ததில்லை, அவர் ஒருவரைத் தவிர. நான் சேர்ந்த இரண்டாம் நாள் மேனேஜர் ஷூவோடு உள்ளே வந்தார். ட்ரையர்காரர் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "சார், போர்டு" என்றார். மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய் ஷூவைக் கழற்றிவிட்டு வந்தார். அடுத்த வாரமே அந்தப் போர்டை எடுக்கச் சொல்லிவிட்டார். எடுத்த மறுநாள் ட்ரையர்காரரும் செருப்போடு உள்ளே வந்தார்.

"ஏனுங்ணா, இத்தன நாளு சுத்தம் சுத்தம்னீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்க சொன்னேன்? போர்டு சொல்லிச்சி" என்றார்.

இருமல் மருந்துப் புட்டியில் குலுக்கவும் என்று போட்டிருந்தால் குலுக்குவார். பஸ்ஸில் ஏறியதும் எழுதியிருப்பதையெல்லாம் ஒருமுறை படித்துவிட்டுத்தான் உட்காருவார். டாக்டர் இரண்டு கரண்டிச் சோறு என்று சொன்னதால் பதினைந்து வருஷமாக இரண்டே கரண்டி. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன்; அவர் அதற்காகவே பெரிய கரண்டியாக வாங்கி வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு, டாக்டர் எந்தக் கரண்டியைச் சொன்னார் என்று கேட்டு வர இவர் குன்னூருக்குப் போனாராம். அக்கா இதைச் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

அவருடைய பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அவர் ஏழு வயதில் அவர்களோடு வந்தார். இருபத்திரண்டு வயதில் சர்க்கரை நோய் வந்தது. ஒல்லியான உடம்பு, சின்ன வயது. இன்சுலின் சுரக்கிற உயிரணுக்கள் செத்துப்போன வகை என்று முடிவு செய்து ஊசியில் போட்டுவிட்டார்கள். நான் பார்க்கும்போது நாற்பத்தாறு வயது. தினம் இரண்டு வேளை, தொடையிலும் வயிற்றிலும் தானே குத்திக்கொள்வார். ஒரு வேளை தவறியதில்லை.

அவருடைய அண்ணனுக்கும் அதே வியாதி. முப்பத்தெட்டில் கால் போய், சிறுநீரகம் போய், தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் கிடந்து செத்தார். அந்தக் கதையை அக்கா ஒருநாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னார்.

"கடைசி ரெண்டு நாளும் இனிப்பா ஒரு வாய் டீத்தண்ணி குடுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு தம்பி. இவரு குடுக்கல. நான் குடுக்கப் போனேன், டம்ளரைப் பிடுங்கிக் கீழ ஊத்திட்டாரு. சாகப் போற மனுசனுக்கு இனி என்னாங்கன்னு கேட்டேன். டாக்டரு வேணாம்னு சொல்லியிருக்காருங்கிறாரு."

ட்ரையர்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து ரேடியோவுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். அவர் மறுக்கவில்லை. வருத்தப்படவும் இல்லை. பேட்டரியின் கூட்டல் குறி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

இன்சுலினைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். அவர்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. உள்ளே நாள் முழுக்க விறகடுப்பு எரியும். அதனால் வடக்குப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே ஒரு கம்பிக் கூடையை ஆணியடித்து மாட்டி, மாதத்துக்கு வாங்கி வரும் புட்டிகளை அதில் வைத்திருந்தார். வெயில் படாத இடம். வெயிலிலும் சூட்டிலும் வைக்காதே என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். இந்த மலையில் அது சுலபம். இருபது வருஷம் அந்தக் கூடை சரியாகத்தான் இருந்தது.

அந்த ஜனவரியில் உறைபனி மோசமாக விழுந்தது. பள்ளத்துத் தேயிலையெல்லாம் நெருப்புப் பட்டது போலக் கருகிவிட்டது. இளஞ்செடிகளை மூடுவதற்குப் பெண்கள் வண்டி வண்டியாகச் சீகைப்புல் வெட்டினார்கள். கொடியில் மறந்து விட்ட என் துண்டு காலையில் பலகை போல விறைத்து நின்றது. குழாயில் தண்ணீர் வர எட்டு மணியாயிற்று.

அப்படி ஒரு காலையில் நான் அவரை வேலைக்குக் கூப்பிடப் போயிருந்தபோது, அவர் கூடையிலிருந்து புட்டியை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினார். அந்த மருந்து கலங்கலாக இருக்கும். குலுக்கக் கூடாது, பத்துத் தரம் உருட்ட வேண்டும். அவர் வாய்விட்டு எண்ணி முடித்து வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடி ஓரத்தில் பொடிப்பொடியாக எதுவோ ஒட்டிக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

"ஏனுங்ணா, மருந்து திரிஞ்ச பாலாட்டம் இருக்குதே."

"உருட்டிட்டேனே."

"இன்னொரு நாலு உருட்டு உருட்டித்தான் பாக்கறது."

"பத்துன்னு சொல்லியிருக்காங்க தம்பி."

ஊசியில் ஏற்றிக் குத்திக்கொண்டார். அதற்குப் பிறகு ஐந்து வாரம் அந்தக் கூடையிலிருந்து எடுத்த எல்லாப் புட்டியும் அப்படித்தான் இருந்தது.

இரண்டாம் வாரம் தண்ணீர் தண்ணீராகக் குடித்தார். வேலைக்கு நடுவில் பத்துத் தரம் வெளியே போனார். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டார். பிறகு கண் மங்கியது. ட்ரையரின் சூட்டைக் காட்டும் முள் அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லாமல், பழக்கத்தில் ஓட்டினார். ஒருநாள் தூள் கருகி ஃபேக்டரி முழுக்க நாற்றம் அடித்தது. மேனேஜர் வந்து பார்த்துவிட்டுத் திட்டவில்லை. "கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். என்னைத் துணைக்குப் போகச் சொன்னார்.

அங்கே ஒரு பெண் டாக்டர். சின்ன வயது, ஆனால் அவசரமில்லாதவர். மருந்துப் புட்டியைக் கொண்டுவரச் சொல்லியிருந்ததால் ட்ரையர்காரர் கொண்டுபோயிருந்தார். டாக்டர் அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"இது எப்பவாவது ஐஸ் ஆச்சுங்களா?"

ட்ரையர்காரர் யோசித்தார். "வெளிய தொங்குதுங்க. பனி விழுந்திச்சி."

"ஐஸ் ஆனா இந்த மருந்து செத்துரும். அப்புறம் உருகினாலும் பச்சைத் தண்ணிதான்."

"குளிர்ச்சியா வைக்கச் சொன்னாங்க."

"ஆமாங்க. கீழ ஊர்க்காரங்களுக்குச் சொல்றது அது." டாக்டர் அவருடைய ரிப்போர்ட்டுகளை மறுபடி புரட்டினார். "நீங்க ஊசி இல்லேன்னா ரெண்டு மூணு நாள்ல மயங்கி விழுந்துருவீங்கன்னுதான் இருபத்திநாலு வருசமா ஊசி போட்டிருக்காங்க. ஒரு மாசத்துக்கு மேல தண்ணியைக் குத்திட்டு, பஸ் ஏறி, நடந்து வந்து என் முன்னாடி உக்காந்திருக்கீங்க. அது எப்படி?"

அவர் தப்புச் செய்தவர் போல எழுந்து நின்றார். டாக்டர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, வீட்டில் வேறு யாருக்கு இருந்தது என்று கேட்டார். அப்பா, அப்பாவின் தங்கை, அண்ணன். எல்லோரும் ஒல்லி. எல்லோருக்கும் இருபது, இருபத்தைந்தில் வந்தது. டாக்டர் ஒரு தாளில் குடும்பத்து ஆட்களைக் கட்டமும் வட்டமுமாக வரைந்து, வியாதி வந்தவர்களைக் கறுப்பாக்கினார். ரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பினார்.

முடிவு வந்ததும் இரண்டாம் முறை போனோம். அன்றைக்கு டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

வயிற்றுக்குப் பின்னால் கணையம் இருக்கிறது. அதில் இன்சுலின் செய்யும் அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வோர் அணுவுக்குள்ளும் ஆயிரக்கணக்கில் ஜீன்கள். பல ஜீன்கள் ஏதாவது ஒரு பொருளைச் செய்வதற்கு. சில ஜீன்களுக்கு அந்த வேலை இல்லை. மற்ற ஜீன்களைப் பார்த்து நீ எழுந்து வேலை பார், நீ சும்மா இரு என்று சொல்வதுதான் அவற்றின் வேலை. அப்படிச் சொல்லும் ஜீன் ஒன்று இவர்கள் குடும்பத்தில் பிசகி வருகிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று எல்லோருக்கும் இரண்டு. இவருக்கு ஒன்றுதான் ஒழுங்கு. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு இருபது வருஷம் ஓடும். அப்புறம், ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்பதே அந்த அணுவுக்குச் சரியாகத் தெரியாமல் போய்விடும்.

"அப்ப உள்ளுக்கு சாமானெல்லாம் சாகலீங்களா?" என்று கேட்டார் ட்ரையர்காரர்.

"இல்லைங்க. இருக்கு. உத்தரவுதான் போய்ச் சேரல."

"ஊசி?"

"இந்த வகைக்கு ஒரு சின்ன மாத்திரை போதும். அணு திறக்க வேண்டிய கதவை அது வேற பக்கமா நின்னு திறந்துவிடும். இத்தனை வருசம் கழிச்சுக் கேக்குதான்னு பாப்போம். காலையில பாதி போடுங்க."

ட்ரையர்காரர் மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருபத்திநாலு வருஷம், நாளைக்கு இரண்டு ஊசி. அவர் கணக்குப் போடுகிறார் என்று நினைத்தேன். போட்டாரோ என்னவோ, சொல்லவில்லை. அண்ணனைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டர் ஒரு லெட்டர் எழுதினார். "இதைப் பத்திரமா வைங்க. உங்க பொண்ணுக்கு எத்தனை வயசு?"

"பத்தொம்பது."

"அவங்களுக்கு இது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க. முக்கியமா கல்யாணம், குழந்தைன்னு போறதுக்கு முன்னாடி பாத்திரணும். தெரிஞ்சா சமாளிக்கலாம். தெரியாம இருந்தாத்தான் ஆபத்து. கூட்டிட்டு வருவீங்களா?"

"சரிங்க டாக்டர்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் சும்மா இருக்கவில்லை. "ஏனுங்ணா, ஊருக்கெல்லாம் ரூல்ஸ் பேசற ஆளு நீங்க. உங்க வயித்துக்குள்ள ஒருத்தனும் சொல்பேச்சுக் கேக்கறதில்லையாமா?" என்றேன். அவர் சிரித்தார். சத்தம் வராமல் தோள் குலுங்கியது. அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாத்திரை கேட்டது. பாதி மாத்திரைக்கு அந்த உடம்பு அப்படி அடங்கியது. ஒரு மாதத்தில் பெல்ட்டின் பழைய ஓட்டைக்கு வந்தார். கண் தெளிந்து முள் தெரிந்தது. கூடையைக் கழற்றி அக்கா அதில் பூண்டு போட்டு வைத்தார்.

அடுத்த தடவை கோயமுத்தூர் போகும் நாள் வந்தது. அவர் மட்டும் கிளம்பினார்.

"பொண்ணு வரலீங்ளா?"

"அவளுக்கு வேலை இருக்கு." அவள் ஜெகதளாவில் ஒரு தையல் கடையில் இருந்தாள்.

அதற்கடுத்த தடவையும் தனியாகப் போனார். அன்றைக்கு ஃபேக்டரிக்கு இறங்கும் பாதையில் ஒரு காட்டெருமை நின்றதால் அது போகும் வரைக்கும் நாங்கள் இருவரும் ஒதுங்கி நின்றோம். நான் கேட்டேன்.

"டாக்டரம்மா கேக்கலீங்ளா?"

"கேட்டாங்க. அடுத்த வாட்டின்னேன்."

"ஏனுங்ணா, அவங்க சொன்னத ஒண்ணு விடாம செய்வீங்களே. இது மட்டும் என்ன?"

காட்டெருமையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் ஒடம்புக்குச் சொன்னதெல்லாம் செஞ்சேன் தம்பி. இது என் ஒடம்பில்ல. அருவங்காட்டுல ஒரு எடம் வந்திருக்கு. பையன் கம்பெனில வேல. ரொம்ப நல்ல குடும்பம். ரத்தத்த எடுத்துக் கையில ஒரு பேப்பரக் குடுத்துட்டா, அதை வச்சிக்கிட்டு நான் என்னா செய்ய? மறைச்சா பொய். காட்டுனா எவன் கட்டுவான்? பேப்பரே இல்லேன்னா ரெண்டும் இல்ல."

"அவகிட்டயாவது சொன்னீங்ளா?"

"அவளுக்குத் தெரிஞ்சா அவ மறைக்க வேண்டி வரும்." காட்டெருமை விலகியதும், "அவ அம்மாகிட்டயும் சொல்லல. நீங்களும் சொல்லிராதீங்க" என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது நான் அங்கே இருந்தேன். நாற்காலி போடவும் காபி கொடுக்கவும் அக்கா கூப்பிட்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா கலகலப்பான ஆள். பேச்சோடு பேச்சாக, "சம்பந்தி, உங்களுக்கு சுகருங்கறாங்க. தெனமும் ஊசியாமா?" என்று கேட்டார்.

"ஊசியெல்லாம் இல்லீங்க. மாத்திரைதான். பாதி."

"பாதியா? அட போங்க, எனக்கே முழுசா ரெண்டு. நீங்க என்னைய வேண்டாம்னு சொல்லாம இருந்தாச் சரி." எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. அவரைப் பிழைக்க வைத்த மாத்திரை அந்த நாற்காலியில் அவருக்காகப் பேசிவிட்டது. அந்தப் பெண் தட்டோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் டம்ளரை எடுத்துக் கொடுத்தேன். ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை. கல்யாணம் ஆயிற்று. சாப்பிட்டேன். அடுத்த மாதம் பையை எடுத்துக்கொண்டு நெல்லியாளம் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

மூன்று வருஷம் கழித்துக் குன்னூர் வந்தபோது, பார்த்துவிட்டுப் போகலாம் என்று இறங்கினேன். அக்கா என்னைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். உள்ளே அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

கர்ப்பத்தில் சர்க்கரை அதிகம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டதற்கு, "அப்பாவுக்கு இருக்குது, பாதி மாத்திரை" என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிள்ளைத்தாய்ச்சிக்கு வருவதுதான், பெற்றால் போய்விடும் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். சோற்றைக் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள். குறையவில்லை. அந்தச் சர்க்கரை பிள்ளை வருவதற்கு முன்பே அவள் உடம்பில் இருந்தது. எட்டாம் மாதம் ஒருநாள் வயிற்றில் அசைவு நின்றுவிட்டது. ஆண் பிள்ளை. நல்ல எடை.

"புருசன் வீட்டுலயிருந்து இங்க வந்து ஒரு மாசம் கழிச்சும் சுகர் எறங்கல தம்பி. அப்பத்தான் இவரு பெட்டியத் தொறந்து அந்த லெட்டர எடுத்தாந்து அவ முன்னாடி வச்சாரு. நனையாம பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிருந்தாரு. டாக்டரு பத்திரமா வைக்கச் சொன்னாங்களாம்." அக்கா மூக்கைத் துடைத்தார். "அவ தேதியப் பாத்தா. பதினோரு நாளாச்சி, அவருகிட்ட ஒரு பேச்சில்ல. நாளைக்குக் கோயமுத்தூர் போறாங்க. நீங்களும் கூடப் போங்க. வழியில அந்த மனுசன் கால் தடுக்கி விழுந்தாக்கூட அவ திரும்பிப் பாக்க மாட்டா."

எனக்குத் தெரியும் என்பது அக்காவுக்குத் தெரியாது. அப்போதும் நான் சொல்லவில்லை.

காலையில் பஸ் ஸ்டாண்டில் அவள் அவரைப் பார்த்துப் பேசினாள். பதினோரு நாளில் முதல் பேச்சு.

"வர்றதுன்னா வாங்க. எம் பக்கத்துல உக்காரக் கூடாது."

அவர் தலையாட்டினார். போகும்போது பின்சீட்டில் இடம் கிடைத்து உட்கார்ந்து வந்தார்.

அதே டாக்டர். லெட்டரைப் பிரித்துப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மூணு வருசம் முன்னாடியே கூட்டிட்டு வரச் சொன்னேனே. ஏம்மா வரல?"

கதவோரம் நின்றிருந்த ட்ரையர்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார்.

"நீங்க சொன்னீங்க டாக்டர். நான் செய்யல. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

டாக்டர் பேனாவை மூடி மறுபடி திறந்தார். அவரிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள். இதுவாகத்தான் இருக்கும் என்றும், உறுதியானதும் மாத்திரை தொடங்கலாம் என்றும் அவளிடம் விளக்கினார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இனிப் பெத்துக்கலாமுங்களா?"

"பெத்துக்கலாம். முன்னாடியே எங்கிட்ட வந்துரணும். சுகரைச் சரியா வச்சுக்கிட்டா நல்லபடியாப் பொறக்கும். ஆனா அந்தக் குழந்தைக்கும் பாதிக்குப் பாதிதான்."

"அதுகிட்ட நான் சொல்லிருவேனுங்க" என்றாள்.

மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறினோம். நல்ல கூட்டம். அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். அவர் எங்களுக்கு இரண்டு சீட் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பர்லியாரில் ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். நின்றிருந்தவர்களில் அவரைத் தவிர எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். அவளுக்கு நேர் எதிர்ப்புறம், நடைபாதைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு சீட் காலியானது. பஸ்ஸில் இருந்த ஒரே இடம் அதுதான்.

"பெரியவரே, அதா எடமிருக்குதுல்லங்க. உக்காருங்க" என்றார் கண்டக்டர்.

"இருக்கட்டுங்க."

"வளைவு வருது. விழுந்து கிழுந்து வெச்சீங்கன்னா எனக்கு வம்பு."

அவர் அந்த சீட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அது பக்கம் என்று ஆகுமா ஆகாதா என்று அளப்பது போல இருந்தது. "இல்லீங்க. நிக்கிறேன்" என்றார்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். உட்காருங்கள் என்று அவள் சொல்லியிருந்தால் அந்த நொடியே உட்கார்ந்திருப்பார். அவள் ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு வெளியே பார்த்தாள்.

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் உடம்பு ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாக வந்தது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார். குன்னூர் வரைக்கும் அந்த சீட் காலியாகவே வந்தது.